அவன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீன்

எடுத்துவிட்டாள். கை நீட்டி, கேட்காமல், கிளாட்வின் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை, நகத்தளவுதான் இருக்கும், முள் நீக்கி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த வெள்ளைச் சதையை, இரண்டு விரலால் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு மெல்லுகிறாள் என் பெண்டாட்டி, மெல்லுகிறாள், இன்னும் மெல்லுகிறாள், இப்போதெல்லாம் அவள் எதையும் கூழாகும்வரை மென்றுதான் விழுங்குவாள். அவனோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திமுத்து அக்காவிடம் தன் ரத்தப் பரிசோதனை பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறான், தன் தட்டுக்கு அந்தக் கை வந்துபோவது பழகிப்போனவன் மாதிரி. அதுதான். பார்த்திருந்தால் தேவலை. பார்த்துச் சிரித்திருந்தால் இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். பார்க்காததால் எத்தனையாவது தடவை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கை என் தட்டுக்கு வந்த கை. என் இலையில் ஈரலைக் கண்டால் விடமாட்டாள், "உங்களுக்கு ஆகாது, சூடு" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக்கொள்வாள், நானும் அவளுக்காகவே ஈரலைக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பேன், வைத்திருப்பதைக் காட்டிக்கொள்ளமாட்டேன். இப்போது என் தட்டில் மட்டன் பிரியாணி மலைபோல் இருக்கிறது, அதில் ஒரு நல்ல எலும்பும் இருக்கிறது, அந்தப் பக்கம் அவள் கண் ஒரு தரம்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூத்துக்குடி பீச் ரோட்டு ஓட்டலில் குடும்ப அறை, நீள மேசை, ஐந்து பேர் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆறாவதாக நான். மதுரையில் ஒரே ஆஸ்பத்திரியில் வெவ்வேறு மாதத்தில் வயிற்றைச் சுருக்கிக்கொண்டவர்கள், ஒரே ஊர் என்பதால் போனில் ஒரு குரூப் ஆரம்பித்து, இன்றைக்கு முதன்முதலாகச் சேர்ந்து சாப்பிட வந்திருக்கிறார்கள். சாப்பிட என்றால் என்ன சாப்பாடு. ஐந்து பேருக்கும் சேர்த்து மூன்று பிளேட் வேகவைத்த மீன், ஒரு பிளேட் முட்டை, கொஞ்சம் தயிர். சர்வர் எழுதிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், இன்னும் ஏதாவது சொல்வார்கள் என்று, பிறகு என்னைப் பார்த்தார், பார்த்த பார்வையிலேயே அவர் முகம் தெளிந்துவிட்டது, "சாருக்கு?" என்றார். சாருக்குப் பிரியாணி. சாருக்குச் சுக்கா. சாருக்கு ஆம்லெட். நான் கேட்காத எலுமிச்சை ஊறுகாயும் என் பக்கம்தான் வந்தது. "நீங்க நல்லா சாப்பிடுங்க தம்பி, எங்களுக்காக நிப்பாட்டாதீங்க. நீங்க சாப்பிடுதத பாத்தாலே எங்களுக்கு நிறைஞ்சிரும்" என்றார் பாத்திமுத்து அக்கா. நல்ல மனுஷி, ஸ்கூலில் தலைமை ஆசிரியையாக இருந்தவர், அன்பாகத்தான் சொன்னார், ஆனாலும் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, மிருகக்காட்சி சாலையில் தீனி போடும் நேரத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. சோற்றை அள்ளும்போது என் கையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. என் பெண்டாட்டி பெனி முன்னால் இருப்பது ஊறுகாய் வைக்கும் அளவுக்கு ஒரு சின்னத் தட்டு, அதில் பாதி முட்டை, ஒரு விரல் மீன். அதற்குமேல் வேண்டுமென்றால் இன்னும் ஒரு பிளேட் சொல்லியிருக்கலாமே. என்னிடம் கேட்டிருக்கலாமே. அவன் தட்டில்தானா எடுக்க வேண்டும்.

பெண் பார்க்கப் போன அன்று, பெரியவர்கள் எல்லாரும் தட்டைத் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருக்க, பெனடிக்டா என்கிற இந்தப் பெனி கதவோரம் நின்றபடி உளுந்தவடை தின்றுகொண்டிருந்தாள், கூச்சமே இல்லாமல், ஒன்று முடிந்து இன்னொன்று, அதைப் பார்த்த மாத்திரத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். அதுவரை என்னைப்போல ஒருத்தி உலகத்தில் இருப்பாள் என்று நினைத்ததில்லை. பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. மற்ற வீடுகளில் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் நாங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம், எந்தக் கடையில் சால்னா நீர்த்துவிட்டது, எவன் புதிதாகப் பொரிச்ச பரோட்டா போடுகிறான், நாளைக்கு நெத்திலி கிடைக்குமா. சாயங்காலம் டிரைவிங் ஸ்கூலைப் பூட்டிவிட்டு நான் வரும்போது கையில் ஏதாவது ஒரு பொட்டலம் இருக்கும், கேட் சத்தம் கேட்டதுமே "என்ன வாசம் இது, சொல்லாதீங்க, நான் சொல்லுதேன்" என்பாள் உள்ளேயிருந்து. சரியாகவும் சொல்லிவிடுவாள். அவளுக்குச் சர்க்கரை வந்தது, முட்டி தேய்ந்தது, கோயிலில் முழங்காலிட முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள், அதெல்லாம் எனக்குத் தெரியாதா, தெரியும். மதுரை டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் பேசினார், ரெண்டு பேரும் செஞ்சுக்கலாம் என்றார், நான்தான் பயந்து பின்வாங்கினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் முடிந்து கண் திறந்ததும் ஒரு மூடித் தண்ணீரை அரை மணி நேரமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே கேன்டீனில் கட்டி வாங்கிய பூரியை மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்கவும் முடியாமல் எறியவும் முடியாமல் இருந்தேன்.

அப்புறம் அவளுடைய நாக்கே மாறிவிட்டது. வயிற்றைத்தானே சுருக்கினார்கள், நாக்கை யார் என்ன செய்தார்கள். மட்டன் குழம்பைக் கொதிக்கவிட்டால் வாசலில் போய் நிற்கிறாள், வாடை அடிக்கிறதாம். பால்கோவா என்றால் உயிரை விடுகிறவளுக்கு இப்போது அதன் இனிப்பு தொண்டையைப் பிடிக்கிறதாம். முன்பு தொடாத நெல்லிக்காயைக் கடிக்கிறாள், புளித்த மோர் குடிக்கிறாள், அவித்த பாசிப்பயறைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்கிறாள், தின்பதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள், குரூப்புக்கு என்கிறாள், குரூப்பில் முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறவன் கிளாட்வின். அவனும் பயறு போட்டோ அனுப்புகிறான். அவன் பயறில் தேங்காய் கிடந்தால் இவள் போன் போட்டுத் திட்டுகிறாள். ஹாலில் உட்கார்ந்து டிவி பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன். "பெனடிக்டா, இன்னைக்கு ரெண்டு இட்லி இறங்கிருச்சு" என்று அவன் சொன்னது வெளியே வரை கேட்டது, அவள் சிரிப்பு அதைவிடத் தூரம் கேட்டிருக்கும். இரண்டு இட்லியில் சிரிக்க என்ன இருக்கிறது. முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், அதை யார் கேட்பது, ஞானஸ்நானத்தில் சாமியார் சொன்னதற்கப்புறம் அந்தப் பெயரை முழுதாகச் சொன்னவன் இவனாகத்தான் இருப்பான். கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை, பெண்டாட்டி குவைத்தில் நர்ஸ், தனியாகச் சமைத்துக்கொள்கிறான். ஆபரேஷனுக்கு முன் எடுத்த படத்தைக் காட்டினான் கொஞ்சம் முன்பு, என்னைவிடப் பெரிய ஆள், கழுத்தே இல்லை, இப்போது காலர் எலும்பு தெரிய உட்கார்ந்திருக்கிறான். ஒருநாள் அவளிடம் கேட்டேவிட்டேன், அவன்கிட்ட அப்படி என்னதான் பேசுவ என்று. சாப்பாட்டப் பத்தித்தான் என்றாள். அதை என்கிட்ட பேசலாமே என்றேன். "உங்களுக்குப் புரியாதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிற மாதிரி சொன்னாள், அதனால்தான் அது இன்றுவரை உள்ளே கிடந்து குத்துகிறது. சாப்பாட்டைப் பற்றி எனக்குப் புரியாதாம்.

கோயில் திருவிழாவில் பக்கத்து வீட்டு பிரான்சிஸ் அண்ணன் மருமகன், வெளிநாட்டிலிருந்து வந்தவன், இது உங்க தங்கச்சியா என்று கேட்டான். அவள் இல்லை என்று சொல்லத் தாமதித்தாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நான்தான் அவசரப்பட்டுச் சொன்னேன். படி ஏறுகிறாள், மூச்சு வாங்கவில்லை, மேலே நின்று எனக்காகக் காத்திருக்கிறாள், காத்திருப்பதைக் காட்டாமல் முந்தானையைச் சரிசெய்கிறாள். ராத்திரி அவளுக்குக் குளிருகிறது, ஃபேனைக் குறைக்கச் சொல்கிறாள், எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, அவள் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள், கட்டிலில் இத்தனை இடம் இருந்ததே எனக்குத் தெரியாது. சேலை மாற்றுவதென்றால் பாத்ரூமுக்குள் போய்விடுகிறாள், தோல் தொங்குகிறது, பார்க்க நல்லா இல்லை என்கிறாள். நான் எப்போது நல்லா இல்லை என்றேன். ஆனால் அந்தத் தோலைப் பற்றிக் குரூப்பில் பேசியிருக்கிறாள், எண்ணெய் தேய்க்கலாம் என்று அவன் பதில் போட்டிருக்கிறான், படித்தேன், ஆமாம், எடுத்துப் படித்தேன். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. போன வாரம் காரில் போகும்போது நாங்கள் வழக்கமாகப் பொரிச்ச பரோட்டா தின்கிற கடையைத் தாண்டினோம், கல்லில் தட்டுகிற சத்தம் கேட்டது, வாசம் உள்ளே வந்தது, என் தலை தானாகத் திரும்பியது, அவள் தலை திரும்பவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும், அடக்குகிறவளுக்கு ஆசை இருக்கிறது, ஆசை இருந்தால் என் ஆள். அவளுக்கு ஆசையே வரவில்லை. எனக்கு இருபத்துநாலு மணி நேரமும் வயிற்றுக்குள் ஒரு நாய் கட்டிக் கிடக்கிறது, அவளுடைய நாயை யாரோ அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அந்த நிம்மதியைப் பார்க்கும்போது கிளாட்வின்மேல்கூட இவ்வளவு எரியவில்லை, அவள்மேல்தான் எரிகிறது.

இதோ மறுபடி அவன் ஒரு துண்டை முள் பார்த்து ஓரமாக வைக்கிறான். வைத்துவிட்டுத் தட்டை லேசாக அவள் பக்கம் திருப்புகிறான். லேசாகத்தான். மேசைக்கடியில் என் காலருகே பை இருக்கிறது, பைக்குள் மக்ரூன் பாக்கெட், காலையில் நான் வாங்கியது. இனிப்பே ஆகாதவர்கள் கூடுகிற இடத்துக்கு எதற்கு மக்ரூன் என்று பெனி கேட்கவில்லை, காரில் பாக்கெட்டைப் பார்த்தாள், வெளியே பார்த்துக்கொண்டாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்றுதான் வாங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய் என்று வாங்கும்போதே தெரியும். பிரிக்கிறேன். சர்க்கரையும் முந்திரியும் முட்டை வெள்ளையும் நுரைத்துச் சுட்ட அந்த வாசம் எழும்புகிறது, எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் புன்னகைக்கிறார்கள், கிளாட்வின் கையை உயர்த்தி, "எங்களுக்கு அது விஷம்லா அண்ணாச்சி" என்கிறான் சிரித்துக்கொண்டே. எங்களுக்கு. நான் ஒன்றை எடுத்துக் கூம்பு உடையாமல் உள்ளங்கையில் வைத்து மேசைக்கு மேலே அவளிடம் நீட்டுகிறேன். "ஒண்ணே ஒண்ணு பெனி." என் குரல் எனக்கே கெஞ்சுவதுபோல் கேட்கிறது. "பெனடிக்டா, வேணாம்" என்கிறான் அவன். அவள் அவனைப் பார்க்கவில்லை, மக்ரூனையும் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள், கொஞ்ச நேரம், பிறகு எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். கை மறுபடி வருகிறது என் பக்கம். இன்னொன்று வைக்கிறேன். அதையும் தின்கிறாள். மூன்றாவதையும். இந்த முறை மெல்லவில்லை, பழையபடி நாக்கில் கரையவிட்டு முழுங்குகிறாள். ஜெயித்துவிட்டேன். காது வரைக்கும் சந்தோஷமாக இருக்கிறது, கிளாட்வின் தட்டில் அந்த மீன் துண்டு அப்படியே ஆறிக்கொண்டிருக்கிறது, நான் சுக்காவைப் பக்கத்தில் இழுத்து நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பிக்கிறேன், சமையல்காரன் நன்றாகத்தான் செய்திருக்கிறான், மிளகு தூக்கலாக.

சுக்கா முடிவதற்குள் அவள் உதடு வெளுக்கிறது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக, ஏசி நேராக அவள்மேல் அடிக்கிறது, குளிருகிறது என்று வந்ததிலிருந்து தோளைப் போர்த்தியிருந்தவளுக்கு. நெஞ்சில் கையை வைக்கிறாள். எழுந்திருக்கப் பார்த்து நாற்காலியின் முதுகைப் பிடிக்கிறாள். எனக்கு எழத் தெரிகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை, தண்ணி தண்ணி என்று சர்வரைக் கூப்பிடுகிறேன். "தண்ணி குடுக்காதீங்க அண்ணாச்சி, முதல்ல படுக்க வைங்க. பயப்படாதீங்க, இனிப்புக்கு இப்படி வரும், கொஞ்ச நேரத்துல இறங்கிரும்" என்கிறான் கிளாட்வின், அவளைத் தொடவில்லை, சுவரோரம் கிடந்த சோபாவிலிருந்து எல்லாருடைய பைகளையும் அள்ளி இடம் பண்ணுகிறான். அவனுக்கு எல்லாம் தெரிகிறது. அவள் உடம்புக்குள் நடப்பது அவனுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை, அந்தக் கலவரத்திலும் இதைத்தான் நினைக்கிறேன் நான், என்ன மனுஷன். அவளைத் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறேன். முன்பு அவள் ஒரு பக்கம் சாய்ந்தால் நானும் சாய்ந்துவிடுவேன். இப்போது தூக்கியே விடலாம் போலிருக்கிறது, அது என்னைப் பயமுறுத்துகிறது. மணிக்கட்டைப் பிடித்தால் நாடி ஓடுகிறது, துரத்துகிற மாதிரி ஓடுகிறது. செத்துப்போய்விட்டால். என் கையால் மூன்று. ஊர்கூடிக் கேட்டால் மக்ரூன் என்றா சொல்வேன். "கிளாட்வின், நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்கிறாள் கண்ணை மூடியபடியே. "இவரு இருக்காருல்லா." அவன் தலையாட்டிவிட்டுப் போகிறான். அவள் கை என் கைக்குள் சில்லென்று ஈரமாக இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு, சோபாவுக்குக் கீழே தரையில், இந்த உடம்பை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். நாடி மெல்ல நடைக்கு வருகிறது. "தெரிஞ்சுதான் தின்னியா" என்று கேட்கிறேன். "தெரியும்." "பின்ன ஏன் தின்ன?" "நீங்க கையில வச்சு நீட்டுனீங்க." வேறு எதையோ சொல்ல வாயைத் திறந்தால் உள்ளே காத்துக்கொண்டிருந்ததுதான் வெளியே வருகிறது. "அவன் தட்டுல மீன் எடுத்தியே." கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள். "எடுத்தேன். முள்ளு பாத்து வச்சிருந்தாரு. எனக்கு இப்ப முள்ளு சிக்கினா ரொம்பக் கஷ்டம்." "நான் பாத்துத் தந்திருப்பேன்லா." "நீங்க என் தட்டப் பாத்து எவ்வளவு நாளாச்சு" என்கிறாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறாள். "ஆபரேஷன் ஆனதுலருந்து சாயங்காலம் கையை வீசிட்டு வாறீங்க. கேட் சத்தம் கேக்கும், நான் எந்திரிச்சு வருவேன், நீங்க நேரா டிவிகிட்ட போயிருவீங்க. சாப்பாடுதான வேண்டாம்னேன். வேற எதுவும் வாங்கிட்டு வரக்கூடாதுன்னு சொன்னேனா?"

கார் ஓட்டுகிறேன். பக்கத்தில் அவள் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்குகிறாள், அது வந்துபோனால் அப்படித்தான் அசதியில் தள்ளிவிடுமாம், படியிறங்கும்போது கிளாட்வின் சொன்னான், வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடச் சொன்னான், என்னைத்தான், என் நம்பரை வாங்கிக்கொண்டான். கொடுத்தேன். கொடுக்கும்போதும் எரிந்தது. இப்போதும் எரிகிறது, நல்லவனாக இருப்பது இன்னும் எரிகிறது. கேட் சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்கிறாள். வந்து நின்றாளா, எங்கே நின்றாள், ஹால் வாசலிலா, நான் ஏன் பார்க்கவில்லை, டிவியில் அப்படி என்ன ஓடியது. ஏதாவது வாங்க வேண்டும். இன்றைக்கே, இப்போதே. இத்தனை வருஷத்தில் தின்கிற சாமான் அல்லாமல் அவளுக்கு நானாக ஒன்று வாங்கியதே இல்லை, சேலைகூட அவளே எடுத்து என்னிடம் காட்டுவாள். பெரிய கோயில் பக்கம் ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் திறந்திருக்கின்றன. அல்வாக்கடை, அதைத் தாண்டு, சிப்ஸ் போடுகிற கடை, தாண்டு, கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது, தாண்டு. ஒரு வளையல் கடை. ஓரமாக நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போகிறேன். கண்ணாடி வளையல், கருநீலம், அது அவள் நிறத்துக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது, எதை வைத்துத் தோன்றுகிறது என்று தெரியவில்லை. கடைக்கார அம்மா டஜனை எடுத்து நூலை அவிழ்த்தபடி, "என்ன அளவு அண்ணாச்சி?" என்கிறாள். எந்த ஊர்ப் பரோட்டா எத்தனை கிராம் என்று சொல்வேன், இது தெரியாது. "வீட்டம்மாவ கூட்டிட்டு வாங்களேன்." "கார்ல தூங்கிட்டிருக்கா." "அப்ப கையப் பாத்துட்டாவது வாங்க. மணிக்கட்டு இல்ல, விரலச் சேத்துப் பிடிச்சா அகலமா இருக்கும்லா, அந்த இடம்." திரும்பிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, மடியில் கிடந்த கையை எடுக்கிறேன். விரல்களைச் சேர்த்துக் குவிக்கிறேன், வளையல் போடுகிறவர்கள் குவிப்பதுபோல. எவ்வளவு சின்னக் கை. மூட்டுகள் தெரிகின்றன, இவை எப்போதும் உள்ளே இருந்தவைதானே, நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். என் இரண்டு பெருவிரலையும் இரண்டு ஆள்காட்டி விரலையும் முனை சேர்த்து வளையமாக்கி, அந்தக் குவிந்த கைமேல் இறக்குகிறேன், அகலமான இடத்தில் ஒட்டும்வரை நெருக்குகிறேன். அவள் விழிக்கவில்லை. இந்த அளவு கிளாட்வினுக்குத் தெரியாது. வளையத்தைக் கலைக்காமல் மெதுவாக உருவிக்கொண்டு, முழங்காலால் கதவைச் சாத்திவிட்டு நடக்கிறேன், இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் அப்படியே பிடித்தபடி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள், யாரும் இடித்துவிடக் கூடாது, விரல் ஒரு நூல்கூட நகரக் கூடாது, எதிரே வந்தவர் என் கைகளைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.